சலங்கையைக் கழற்றிவிட்டு டான்ஸ் ஷோ தயாரிக்கப் போகிறவர்களுக்கு

கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர்ப் பக்கம் கொஞ்ச காலம் நடனப் பள்ளி நடத்தியவர்களுக்கு இந்த அழைப்பு எப்படியும் வந்துவிடும். "மேடம், உங்ககிட்ட பிள்ளைங்க இருக்காங்க, மண்டபக்காரங்களையும் தெரியும். நீங்களே ஒரு டான்ஸ் ஷோ பண்ணிக் குடுங்களேன், நாங்க சேனல்ல போட்டுக்குறோம்." கேட்பதற்குக் குளிர்ச்சியாக இருக்கும். யார் பணத்தில் என்பது மட்டும் அதில் இருக்காது. எனக்கு இந்தத் தொழிலில் கையைவிட்டுப் போனது வட்டியோடு ஏறக்குறைய ஏழு லட்சம். போனதில் பெரும்பங்கு கேமரா ஓடும்போது போகவில்லை. படப்பிடிப்புக்கு முன்னும் பின்னும், தாளில் எழுதாத இடங்களில்தான் போனது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து யாராவது இதைச் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

ஆடியவர் தயாரிப்பாளராவது ஒன்றும் புதிதல்ல. பிரிட்டனில் நடனக் குழுவில் ஆடி, நடன அமைப்பாளராகி, 2005-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரிய நடனப் போட்டி ஒன்றை உருவாக்கிய நைஜல் லித்கோ இருக்கிறார். நம் பக்கம் கலா மாஸ்டர் 2007-ல் கலைஞர் தொலைக்காட்சியில் 'மானாட மயிலாட' நடத்தினார். இதில் கவனிக்க வேண்டியது, லித்கோ அந்த நிகழ்ச்சிக்கு வருமுன் லண்டனில் ஒரு தொலைக்காட்சியின் பொழுதுபோக்குப் பிரிவுக்கே தலைமை வகித்தவர். ஒப்பந்தமும் பட்ஜெட்டும் பார்த்துப் பழகிய கை. நமக்கோ நட்டுவாங்கத் தட்டு தெரியும், கணக்கு ஏடு தெரியாது.

முதல் பள்ளம் பைலட். "ஒரு எபிசோடு எடுத்துக் காட்டுங்க, பிடிச்சா தொடர்ந்து பண்ணலாம்" என்பார்கள். மண்டபம், நாலு கேமரா, விளக்கு, ஜெனரேட்டர், சாப்பாடு, எடிட்டிங் என்று எனக்கு அது இரண்டு லட்சத்தைத் தாண்டியது, நகையை வைத்துத்தான். பல மாதம் பதிலே இல்லை. பிறகு அதே சுற்றுகள், அதே நடுவர் முறை, வேறு பெயரில், அவர்களுடைய சொந்த ஆட்களை வைத்து ஒளிபரப்பானது. வயிறு எரிந்தது. வக்கீலிடம் போனபோதுதான் தெரிந்தது, யோசனைக்கு இந்தியச் சட்டத்தில் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, எழுத்தில் விரித்து வைத்த வடிவத்துக்குத்தான் உண்டு. ஆனால் ஒரு பிடி இருக்கிறது. நம்பி ரகசியமாகச் சொன்ன விரிவான நிகழ்ச்சித் திட்டத்தை எடுத்துக்கொண்டால் கேட்கலாம் என்று 2002-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 'சுயம்வர்' என்ற மாப்பிள்ளை தேடும் நிகழ்ச்சி வழக்கில் ஏற்றிருக்கிறது. ஆகவே வாயால் கதை சொல்லப் போகாதீர்கள். சுற்று எத்தனை, ஒவ்வொரு சுற்றிலும் என்ன விதி, மதிப்பெண் எப்படி, யார் எப்போது வெளியேறுவார், மேடை அமைப்பு, இடைவேளைக்கு முன் எந்த இடத்தில் நிறுத்துவது என்று பதினைந்து இருபது பக்கம் எழுதுங்கள். அதை இலக்கியப் படைப்பாகக் காப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகப் பதியலாம், கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால் சந்திப்புக்கு வெகு முன்பே பதிந்துவிடுங்கள். சந்திப்புக்கு முதல் நாள் அதே பக்கங்களை "நமது கலந்துரையாடலுக்காக, ரகசியமாக" என்ற வரியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பைலட் கேட்டால் செலவில் பாதியாவது முன்பணம், நிகழ்ச்சியைச் சேனல் ஏற்காவிட்டால் மீதியும் உண்டு என்று ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். கடிதம் தர மாட்டோம் என்றால் முழு எபிசோடு வேண்டாம். பள்ளிக்கூட ஹாலில் ஒரே கேமராவில் மூன்று நிமிட மாதிரி போதும்.

அடுத்து, எந்த வகை ஏற்பாடு என்பது. கமிஷன் முறையில் எபிசோடுக்கு இவ்வளவு என்று சேனல் பணம் தரும். ஸ்லாட் முறையில் நேரத்தை நாம் வாடகைக்கு எடுத்து, விளம்பரத்தை நாமே பிடிக்க வேண்டும். டெல்டாவின் உள்ளூர் சேனல்களில் இரண்டாவதுதான் அதிகம். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, தனியார் பள்ளி, இவர்கள்தான் விளம்பரதாரர்கள். பேச்சில் தாராளம், பணம் மட்டும் தீபாவளி கழித்து, அறுவடை கழித்து. பாதிப்பேர் பொருளாகத் தருவார்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் பட்டுப்புடவைக் கூப்பனும் பரிசுக்கு ஆகும், ஜெனரேட்டர்காரருக்கு ஆகாது. ஒளிபரப்பானதற்கு சேனலிடமிருந்து டெலிகாஸ்ட் சர்ட்டிஃபிகேட் வந்தால்தான் கடைக்காரர் மீதித் தொகையை எடுப்பார். எனவே அந்தச் சான்றிதழை வாரம்தோறும் தருவதாகச் சேனல் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது கேபிள் டிவி விதி. அதில் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. ஆக உங்களுக்கு விற்க இருப்பது மணிக்கு 10 நிமிடம்தான். "இருபது நிமிடம் வித்துக்கலாம் மேடம்" என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுங்கள்.

கமிஷன் முறை பாதுகாப்பானது என்று நினைக்கத் தோன்றும். அங்கே கழுத்தைப் பிடிப்பது ஜிஎஸ்டி. ஒரு எபிசோடு 1,50,000, மாதம் நாலு எபிசோடு என்று வையுங்கள். பில் 6,00,000, அதன்மேல் 18 சதவீதம் 1,08,000. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அந்த 1,08,000 அரசுக்குப் போயாக வேண்டும், சேனல் பணம் தந்தாலும் தராவிட்டாலும். சேனல் 90 நாள் கழித்துத்தான் தரும். மூன்று மாதம் ஓடினால் 3,24,000 உங்கள் கையிலிருந்து போய் நிற்கும், பிள்ளைகளுக்கும் டெக்னீஷியன்களுக்கும் கொடுத்தது தனி. விளக்கு, சவுண்டு, கேமரா வாடகைக்கு நாம் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ளலாமே என்பார் ஆடிட்டர். நம்மூர்ச் சின்ன வாடகைக்காரர்கள் பலருக்கு ஜிஎஸ்டி பதிவே இல்லை, கழிக்க ஒன்றும் இருக்காது. நான் இதற்குக் கட்டிய வட்டியை நினைத்தால் இப்போதும் தூக்கம் கலையும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். குறு, சிறு நிறுவனமாகப் பதிந்திருந்தால் 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. தாமதித்த தொகையைச் சேனல் உண்மையில் தரும் ஆண்டுவரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற பிரிவும் வந்துவிட்டது. சேனலின் கணக்குப் பிரிவை அசைப்பது அதுதான். பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். இரண்டாவது, பில்லில் 'நிகழ்ச்சித் தயாரிப்பு' என்று எழுதுங்கள், 'நடன அமைப்புக் கட்டணம்' என்று எழுதாதீர்கள். ஒளிபரப்புக்கான நிகழ்ச்சித் தயாரிப்பு ஒப்பந்த வேலைக்குள் வருவதால் தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2 சதவீதம்தான் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி). நடனக் கட்டணம் என்றால் தொழில்முறைச் சேவை என்று 10 சதவீதம் பிடித்துவிடுவார்கள். திரும்பி வரும்தான், ரிட்டர்ன் போட்டு, அடுத்த ஆண்டு.

ஒப்பந்தத்தில் விடக்கூடாத ஒரு வரி: படம்பிடித்து ஒப்படைத்த எபிசோடுக்கு, ஒளிபரப்பானாலும் ஆகாவிட்டாலும், பணம் உண்டு. சேனலில் நிர்வாகம் மாறினால் முதலில் தூக்கப்படுவது வெளியார் நிகழ்ச்சிதான். எனக்கு அப்படித் தொடர் பாதியில் நின்றது. பணத்தைவிட வலித்தது, கடைத்தெருவில் பார்க்கும் தாய்மார்கள் "எங்க பொண்ணு ஆடுனது எப்பங்க டிவில வரும்?" என்று கேட்டது. பதில் இல்லாமல் வேறு தெருவழியாகப் போக ஆரம்பித்தேன்.

இனி வேலைக்கு வருவோம். தேதி குறிக்கும்போது டெல்டாவின் பஞ்சாங்கம் முக்கியம். மண்டபம் மலிவாகக் கிடைப்பது கல்யாணமில்லாத ஆடி, புரட்டாசி, மார்கழியில். மார்கழியில் நல்ல பக்கவாத்தியக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள். புரட்டாசியில் நவராத்திரி வந்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கோயில் நிகழ்ச்சி. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, புயல். 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மாசியில் மகா சிவராத்திரியை ஒட்டிப் பெரிய கோயிலிலும் மயிலாடுதுறையிலும் சிதம்பரத்திலும் நாட்டியாஞ்சலி, நல்ல பரத ஆட்டக்காரர் ஒருவரும் கிடைக்க மாட்டார். பங்குனி, சித்திரை, வைகாசியில் ஊர்த் திருவிழா, 'ஆடலும் பாடலும்' குழுவினர் அந்த மூன்று மாத வருமானத்தில்தான் ஆண்டை ஓட்டுகிறார்கள். மிஞ்சுவது ஆடி. திறந்தவெளியில் மட்டும் வைக்காதீர்கள், ஆடிக்காற்று பேனரோடு விளக்குத் தூணையும் சாய்க்கும்.

ஆடிஷனில் தலைக்கு ஒரு நிமிடம் என்று போட்டு ஒரு நாளைக்கு 300 பேரைக் கூப்பிடுவார்கள். பெயர் கேட்டு, பாட்டுத் தேடி, ஆடி, நடுவர் ஒரு வார்த்தை சொல்லி இறங்க மூன்று நிமிடம் ஆகும். 150 பேர் என்றாலே ஏழரை மணி நேரம். அதற்குமேல் அழைத்தால் மாலையில் ஆடுகிறவர்களுக்கு அநியாயம், நடுவர்கள் கண்ணால் பார்ப்பார்களே தவிர மனதில் வாங்க மாட்டார்கள். கிராமத்துக் கடைசி பஸ்ஸைக் கேட்டு வைத்துக்கொண்டு, தொலைவிலிருந்து வந்தவர்களைக் காலையிலேயே ஆடவிட்டு அனுப்புங்கள். பதிவுக் கட்டணம் வாங்கவே வாங்காதீர்கள். ஐந்நூறு, ஆயிரம் வாங்கிக்கொண்டு காணாமல் போன 'ஆடிஷன்' கூட்டங்களால் இந்தப் பக்கம் பெற்றோர் ஏற்கெனவே சூடுபட்டவர்கள். உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள், வாசலில் பெண் பொறுப்பாளர், உள்ளே செல்போன் கிடையாது. இதில் சமரசம் பேசுகிற ஆள் யூனிட்டில் இருந்தால் அவரை அன்றே அனுப்பிவிடுங்கள்.

பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் ஆடினால் கலெக்டர் அனுமதி கட்டாயம். 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள் சொல்வது இது: படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் படிவம் சி-யில் உறுதிமொழி, குழந்தைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம் தர வேண்டும். உறுதிமொழி ஆறு மாதம் செல்லும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர். குழந்தைக்கு வரும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமான வங்கியில் அதன் பெயரில் வைப்புத்தொகை. மயிலாடுதுறை 2020 முதல் தனி மாவட்டம், பழைய நினைப்பில் நாகப்பட்டினத்துக்கு மனு எடுத்துப் போய் அலையாதீர்கள். 2019 ஜூனில் மத்திய ஒலிபரப்பு அமைச்சகம், நடன நிகழ்ச்சிகளில் பிள்ளைகளைப் பெரியவர்கள் படத்தில் ஆடுவதுபோல் ஆபாசமாக ஆடவைக்கக் கூடாதென்று தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. டிஆர்பி கேட்டு அழுத்தம் வரும்போது காட்ட அந்தத் தாளின் நகல் பையில் இருக்கட்டும். தொடக்கக் காட்சிக்குக் கோபுரம் வேண்டும் என்று ஆசைப்பட்டால், பெரிய கோயிலும் தாராசுரமும் தொல்லியல் துறை கையில், கும்பகோணத்துக் கோயில்களில் அநேகம் அறநிலையத் துறை கையில். ஸ்டாண்டை இறக்கும் முன் அனுமதி.

மேடைத் தளத்தை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. மண்டப மேடை கிரானைட் அல்லது டைல்ஸ். அதன்மேல் காலை ஓங்கித் தட்டும் தட்டடவு போட்டால் இரண்டாம் நாளே முழங்கால் வீங்கும். 32-க்கு 24 அடி ஆடுதளத்துக்கு 8-க்கு 4 அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் 24 பலகை வேண்டும். அடியில் மரச்சட்டம் வைத்து, செங்கல் சுவரைப் போல மூட்டுகள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி அடுக்கி, ஆணிக்குப் பதில் திருகு போட்டு, தலையை உள்ளே அமுக்க வேண்டும். மேலே மங்கலான கறுப்பு விரிப்பு. பளபளக்கும் வினைல் கேமராவில் விளக்கையெல்லாம் திருப்பிக் காட்டும், வேர்வை பட்டால் வழுக்கும். எல்இடி சுவரில் புள்ளி இடைவெளி 3.9 மில்லிமீட்டர் என்றால் ஆடுகிறவர் பன்னிரண்டு பதினைந்து அடி முன்னே நிற்கட்டும். நெருங்கினால் படத்தில் அலை அலையாகக் கோடு ஓடும். கேமரா நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு. மலிவான எல்இடி விளக்கைப் பாதிக்குக் குறைத்தால் படம் மினுக்கும், முந்தின நாளே சோதியுங்கள். அரக்குச் சிவப்புப் பட்டின்மேல் நீல விளக்கு விழுந்தால் புடவை கறுத்துவிடும். சவுண்டுக்கும் விளக்குக்கும் தனித்தனி ஜெனரேட்டர் லைன், இல்லாவிட்டால் ஒலியில் இரைச்சல்.

ஆடியவர் தயாரிப்பாளரானதன் முழுப் பலனும் கேமராவில்தான் தெரியும். சினிமாப் பாட்டு எடுத்துப் பழகிய ஆபரேட்டர் முகத்துக்கு ஓடுவார், காலை வெட்டுவார். பரதத்தில் பாதி வித்தை பாதத்தில். நடுக் கேமரா ஒன்று தலை முதல் கால் வரை அசையாமல் நிற்க வேண்டும், யார் கெஞ்சினாலும் நகரக் கூடாது. அதன் உயரம் இடுப்பளவு. ஜிம்மி ஜிப் என்ற கிரேன் கேமரா மேலிருந்து பார்த்தால் முழங்காலை மடக்கிப் பாதி அமரும் நல்ல அரைமண்டிகூட முழுதாக உட்கார்ந்த மாதிரி குறுகிப் போகும், ஆகவே அது நுழைவுக்கும் குழு வடிவத்துக்கும் மட்டும். இரு பக்கத்துக் கேமராவுக்கு அபிநயம். படப்பிடிப்பின்போதே கேமராவுக்குக் கேமரா மாற்றி வெட்டுபவருக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எண்ணிக்கைச் சீட்டு எழுதிக் கொடுங்கள்: எட்டாம் எண்ணிக்கை எங்கே முடிகிறது, தீர்மானம் என்ற முடிப்புக் கோர்வை எங்கே மூன்று முறை வருகிறது, நிறுத்தம் எது. நிமிடத்துக்கு 120 தட்டில் ஓடும் சினிமாப் பாட்டில் எட்டு எண்ணிக்கை 4 நொடி. 60 தட்டு ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 8 நொடி. மிஸ்ர சாபு தாளத்தில் சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை. எட்டில் வெட்டிப் பழகிய கை அங்கே ஒவ்வொரு சுற்றிலும் தடுமாறும். பக்கத்தில் நின்று நீங்களே எண்ணிக்கை சொல்வது நல்லது. முடிவில் இரண்டு நொடி அசையாமல் நிற்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள், மூச்சு வாங்கும் முகம் அங்கேதான் கிடைக்கும். சலங்கை ஒலியைச் சட்டை மைக்கில் பிடிக்க முயலாதீர்கள், மேடை விளிம்பில் தரை மைக் போதும்.

ஒரு கேமரா நொடிக்கு 50 மெகாபிட் என்றால் மணிக்கு 22.5 ஜிபி. ஆறு கேமரா, பத்து மணி நேரம், சுமார் 1,350 ஜிபி. இரண்டு பிரதி எடுக்காமல் கார்டை அழிக்க விடாதீர்கள். டிஸ்க் இரண்டும் ஒரே வண்டியில் போகக் கூடாது.

பாட்டு உரிமையைப் பொறுத்தவரை, சேனலுக்கு ஒளிபரப்ப உரிமம் இருக்கலாம். அதே ஆட்டத்தை யூடியூபில் ஏற்றினால் அது வேறு உரிமை, இசை நிறுவனத்தின் கோரிக்கை வரும், வருமானம் அவர்களுக்குப் போகும். ஒப்பந்தத்தில் யார் பொறுப்பு என்று எழுதுங்கள். மரபுச் சுற்றுக்கு நம் மண்ணிலேயே களஞ்சியம் இருக்கிறது. தஞ்சை நால்வரின் வர்ணங்கள், முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி எல்லாம் உரிமைக்காலம் கடந்தவை. பாபநாசம் சிவன் அப்படியல்ல. 1973-ல் மறைந்தார், அறுபது ஆண்டுக் கணக்குப்படி 2033 முடியும் வரை உரிமை உண்டு. பாட்டு பொதுவானாலும் அடுத்தவர் பதிவு செய்த ஒலித்தகடு பொதுவல்ல. நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின் வைத்து உள்ளூர் ஸ்டுடியோவில் ஒரே நாளில் சொந்தமாகப் பதிந்துவிட்டால் அந்தச் சங்கடமே இல்லை. வாசித்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஆக இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3-யை ஒலிக்கவிடாதீர்கள்.

கடைசியாகப் பரிசு. போஸ்டரில் ஒரு லட்சம் என்று அடித்தால் ஜெயித்த வீட்டுக்குப் போவது 70,000. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பரிசுக்கு 30 சதவீதம் வரி பிடித்தாக வேண்டும். பொருளாகக் கொடுத்தால் இன்னும் சிக்கல். 90,000 ரூபாய் ஸ்கூட்டியின் சாவியை மேடையில் கொடுக்கும் முன் 27,000 வரி கட்டப்பட்டிருக்க வேண்டும், பெற்றவரோ கொடுப்பவரோ. கூலி வேலைக்குப் போகிற அப்பா அந்த 27,000-க்கு எங்கே போவார்? விளம்பரதாரரிடம் வரியும் சேர்த்துப் பேசி முடியுங்கள், இல்லையென்றால் பரிசைச் சிறிதாக்குங்கள். வரி விவரத்தை ஆடிஷன் படிவத்திலேயே தமிழில் அச்சிட்டு, இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் பான் எண் வாங்கிவிடுங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கும் பெற்றோர் வழியாகப் பான் எடுக்கலாம். வரி பிடித்ததற்கான சான்றிதழைக் காலாண்டு முடிந்ததும் எடுத்து அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். வருமானம் குறைந்த குடும்பமானாலும் இந்தப் பரிசு வரி திரும்ப வராது, அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.